மாடித் தொட்டிகளும் மச்சான் போட்ட பைப்பும்

நான் வேலை பார்த்த கம்பெனியின் உற்பத்தி லைனைக் கழற்றி வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இயந்திரங்கள் லாரியில் ஏறின, நாங்கள் வீட்டுக்கு வந்தோம். வண்டிகளுக்குப் போடும் ரப்பர் குழாய்களைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் இருந்தேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே வேலை. ஷிப்ட் மாறி மாறிப் போய்ப் பழகிய உடம்புக்கு வீட்டில் எப்படி இருப்பது என்றே தெரியவில்லை. முதல் வாரம் பீரோவை ஒழித்து அடுக்கினேன். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டேன். மிக்ஸியைப் பிரித்து மாட்டினேன். அதுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி அதன் பிறகு ஒரு மாதிரி கத்த ஆரம்பித்தது.

கோவில்பதாகையில் என் மச்சானின் வீட்டு முதல் மாடியில் குடியிருக்கிறோம். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. ஏசி மெக்கானிக். கீழே அவனும் அவன் மனைவியும், மேலே நாங்கள் இரண்டு பேர். என் மனைவிக்கு வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. காலையில் அவள் டிபன் பாக்ஸோடு படி இறங்கிப் போன பிறகு வீடு முழுக்க ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்கும். எந்த நேரமும் எங்கிருந்தாவது போன் வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். நேர்முகத் தேர்வு ஒன்றுக்குப் போய்விட்டு வந்திருந்தேன், வேறு சில இடங்களில் சொல்லி வைத்திருந்தேன். வீட்டுக்குள் சிக்னல் சரியாகக் கிடைக்காது. அதனால் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவேன். அப்படிப் போய்ப் போய்த்தான் அவளுடைய செடிகளை ஒழுங்காகப் பார்த்தேன்.

ரோஜா, மல்லி, செம்பருத்தி, தக்காளி, மிளகாய், ஒரு கறிவேப்பிலை, பெரிய தொட்டியில் ஒரு எலுமிச்சை. சனிக்கிழமை மாலைகளில் மல்லியும் ரோஜாவும் பறித்துக் கட்டி, சர்ச்சுக்குப் பூசைக்குப் போகும்போது மாதா சிலை இருக்கும் கெபியில் வைப்பாள். அவள் அலுவலகத்தில் யார் யாரோடு பேசுகிறாள் என்பதைவிட இந்தச் செடிகளில் எது எப்போது மொட்டு விட்டது என்பதைத்தான் என்னிடம் அதிகம் சொல்லியிருக்கிறாள். நானும் உம் கொட்டியிருக்கிறேன். ஆனால் இப்போது பக்கத்தில் போய்ப் பார்த்தால் எதுவுமே நன்றாக இல்லை. எலுமிச்சையின் தளிர்கள் வெளிறிப்போய், நரம்பு மட்டும் பச்சையாக, யாரோ பேனாவால் வரைந்த மாதிரி இருந்தன. ரோஜாவின் இலை ஓரங்கள் கருகியிருந்தன. செம்பருத்தியில் அடி இலைகள் மஞ்சளாகிக் கொட்டிக்கொண்டிருந்தன.

"வெயில் வந்தா இப்பிடித்தாங்க ஆகும். மழை வந்தா சரியாயிரும்" என்றாள் மனைவி.

எனக்கு அது போதவில்லை. ஒரு குழாயில் பழுது இருந்தால் அது ஏன் என்று தெரிந்தாக வேண்டும், அப்படித்தான் என் வேலை எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். ஒருவர் எப்சம் உப்பு என்றார். ஒருவர் முட்டை ஓடு என்றார். வாழைப்பழத் தோலை ஊறவையுங்கள், டீத்தூளைக் காயவைத்துப் போடுங்கள், புளித்த மோரைத் தெளியுங்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் செடி காடாக வளர்ந்திருந்தது. நான் எல்லாவற்றையும் செய்தேன். காலையில் எப்சம் உப்பு, மத்தியானம் வாழைப்பழத் தோல். போன் வரவில்லையென்றால் சாயங்காலம் மோர்.

கடலைப் புண்ணாக்கை வாளியில் ஊறவைத்து மூடி வைத்தேன். மூடி சரியாகப் பொருந்தவில்லை போல. கீழே மச்சான் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக் கத்தினான்.

"மாமா! மேல இன்னா எலி கிலி செத்துகினு கீதா? சோத்துல கை வைக்க முடியல."

"புண்ணாக்கு மச்சான். செடிக்கு."

"செடிக்கா? அத்தத் துன்னுட்டு செடி ஓடிடப் போவுது."

அவன் எதையும் சிரித்துக்கொண்டே சொல்வான். எனக்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்குச் சிரித்தது நினைவிருக்கிறது, ஏனென்றால் அந்த நாட்களில் அது அபூர்வம்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு நர்சரிக்கும் பைக்கில் போய்ப் பார்த்தேன். கருகிய ரோஜா இலை ஒன்றைப் பையில் போட்டு எடுத்துப்போயிருந்தேன். கடைக்காரர் இலையைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "சத்து பத்தல சார்" என்று சொல்லி டி.ஏ.பி. உரப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தார். எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டேன். "ஒரு புடி" என்றார். அவர் பிடியா என் பிடியா என்று கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்ததும் ரோஜாக்களுக்கு ஆளுக்கொரு பிடி போட்டுத் தண்ணீர் விட்டேன்.

அந்த வாரம் நேர்முகத் தேர்வுக்குப் போன கம்பெனியிலிருந்து பதில் வந்தது. வேறு ஆளை எடுத்துவிட்டார்களாம். அதைச் சொன்ன பெண் மிக மரியாதையாகச் சொன்னாள். நான் "பரவாயில்லம்மா" என்று சொல்லிவிட்டு, போனைச் சட்டைப் பையில் போட்டு, ரோஜாத் தொட்டிகளின் முன்னால் உட்கார்ந்தேன். அப்போதுதான் கவனித்தேன். ஓரங்களில் இருந்த கருகல் இலையின் நடுவரை வந்துவிட்டது. மொட்டுகள் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. ஒரு செடி மொத்தமாகக் காய்ந்து நின்றது.

சாயங்காலம் மனைவி மேலே வந்தாள். கைப்பையைக்கூடக் கழற்றவில்லை. ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்துக்கொண்டே போனாள். மண்ணின் மேல் கரையாமல் கிடந்த டி.ஏ.பி. குருணையைக் கிள்ளி எடுத்துப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

சொன்னேன்.

"நேத்து என்ன போட்டீங்க?"

அதையும் சொன்னேன். அதற்கு முந்தின நாள் போட்டதையும் சொன்னேன்.

அவள் சத்தம் போடுகிற ஆள் இல்லை. கையிலிருந்த குருணையைத் தரையில் போட்டாள். பிறகு, "உங்களுக்கு வேலை இல்லன்னா அதுங்க என்னங்க பண்ணும்?" என்றாள். சொன்ன உடனே அவள் முகம் மாறிவிட்டது. "நான் அப்பிடிச் சொல்லல" என்றாள். "தெரியும்" என்றேன். இருவரும் சேர்ந்து குருணைகளைப் பொறுக்கினோம். மறுநாள் காலையில் பார்த்தால் மொட்டை மாடிக் கதவு பூட்டியிருந்தது. சாவி அவள் கைப்பையில் வேலப்பன்சாவடிக்குப் போயிருந்தது.

கோபப்படலாமா என்று யோசித்தேன். ஆனால் அவள் செய்ததில் தப்பில்லை. என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். கோவில்பதாகைத் தெருக்களில் நடந்தேன். ஒருநாள் வெள்ளானூர் வரை போய்விட்டேன். புதிதாக மனை பிரித்துக் கல் நட்டிருந்த இடங்களையும், பாதியில் நிற்கும் வீடுகளையும் பார்த்துக்கொண்டே நடந்து, திரும்பும் வழியில் பஸ் ஏறினேன். போன் அடித்தால் கேட்காதோ என்று அதைக் கையிலேயே பிடித்திருந்தேன். உள்ளங்கை வியர்த்து, போன் உறை பிசுபிசுத்தது. வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் மறுபடி கிளம்பலாமா என்று தோன்றும். அப்படி ஒரு மத்தியானம் கீழே செருப்பைக் கழற்றப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன்.

மச்சான் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால், பாத்திரம் தேய்க்கும் இடத்துக்குப் பக்கத்தில், உடைந்த தொட்டி ஒன்றில் கறிவேப்பிலைச் செடி இருந்தது. மேலே இருப்பதும் இதுவும் ஒரே செடியின் பக்கக் கன்றுகள். ஒரே நாளில் நட்டது என்று மனைவி சொல்லியிருக்கிறாள். மேலே இருப்பது வெளிறி, இலை சிறுத்து நின்றது. இது கரும்பச்சையாக, எண்ணெய் பூசிய மாதிரி பளபளத்தது. இதற்கு யாரும் ஒரு சத்தும் வைத்ததில்லை. வெயில்கூட அரை நாள்தான்.

மச்சானின் மனைவி அரிசி கழுவிய தண்ணீரைக் கொண்டுவந்து அதன் அடியில் ஊற்றினாள். "இதுக்கு வேற எதுனா ஊத்துவியாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணா. அரிசி களனிதான். இல்லன்னா மழத் தண்ணி. ஏண்ணா?"

சோதனைப் பிரிவில் ஒரு குழாய் வெடித்தால் முதலில் நாங்கள் தேடுவது வெடிக்காத இன்னொன்றை. இரண்டையும் பக்கத்தில் வைத்து, எது வேறு எது வேறு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். மாற்றும்போதும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் மாற்றுவோம். சூட்டைக் குறைத்தால் அழுத்தத்தைத் தொடக் கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு நானே இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். செடிகளிடம் வந்ததும் என் கைகள் அதையெல்லாம் மறந்துவிட்டன. ஏதாவது செய்துகொண்டிருந்தால் போதும் என்று ஆகிவிட்டது.

இரண்டு கறிவேப்பிலைக்கும் மண் ஒன்று, வயசு ஒன்று. தண்ணீர்தான் வேறு.

மேலே செடிகளுக்குத் தண்ணீர் விடுவது ஒரு நீல டிரம்மிலிருந்து. அந்த டிரம்முக்குத் தண்ணீர் வருவது எங்கள் சமையலறையில் இருக்கும் ஆர்.ஓ. மெஷினின் கழிவுக் குழாயிலிருந்து. எங்கள் பகுதி போர் தண்ணீரைக் குடிக்க முடியாது, உப்பு. மெஷின் அதை வடிகட்டிக் கொஞ்சம் நல்ல தண்ணீரைக் கொடுத்துவிட்டு மீதியை வெளியே தள்ளும். அது சிங்க்கில் வீணாகப் போகிறதே என்று போன வருடம் மச்சான்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, சின்ன மோட்டார் வைத்து, சுவரோரமாகப் பைப் ஏற்றி, மொட்டை மாடி டிரம்மில் விழும்படி செய்தான். தெருவில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினான். "ஒரு சொட்டு வேஸ்ட் ஆவாது அக்காவுக்கு" என்றான். நாங்களும் பெருமைப்பட்டோம். எதிர்வீட்டுக்காரர் தன் வீட்டுக்கும் போட்டுத் தரச் சொன்னார்.

அன்று மாலை மனைவியிடம் சாவியைக் கேட்டேன். எதையும் போட மாட்டேன், பார்க்க மட்டும்தான் என்று சொன்னேன். அவளும் கூடவே வந்தாள். தொட்டிகளின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்ததை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது. ஆர்.ஓ. மெஷின் வாங்கியபோது இலவசமாகக் கொடுத்த, பேனா மாதிரி ஒரு மீட்டர் சமையலறை இழுப்பறையில் கிடந்தது. தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும். அதை முதலில் போர் தண்ணீரில் விட்டேன். மூன்று இலக்கம். டிரம் தண்ணீரில் விட்டதும் எண்கள் ஓடி ஓடி நாலு இலக்கத்தில் போய் நின்றன. மீட்டரில் கோளாறோ என்று துடைத்து மறுபடி விட்டேன். அதேதான்.

"மெஷின் வடிச்ச உப்பெல்லாம் இதுலதான் இருக்கு" என்றேன். "மழைக் காலத்துல கழுவிக்கினு போயிருச்சு. வெயில்ல தண்ணி மட்டும் காஞ்சு உப்பு தொட்டிலயே தங்கிடுது. அதுக்கு மேல நான் வேற உப்பாக் கொட்டியிருக்கேன்."

அவள் டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கீழே எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "தம்பிகிட்ட சொல்லாதீங்க. ஆசையா பண்ணான்."

அவள் சொன்னதில் இன்னொன்றும் இருந்தது. நாங்கள் இருப்பது அவன் வீடு. எனக்கு வேலை போனதிலிருந்து அவன் ஒரு வார்த்தை மாற்றிப் பேசியதில்லை. முன்னைவிட அதிகமாகவே "மாமா, சாப்டீங்களா" என்று கேட்கிறான். அப்படிப்பட்டவனிடம் போய் உன் பைப்தான் செடியைக் கெடுத்தது என்று எப்படிச் சொல்வது? சரி என்றேன்.

மறுநாளிலிருந்து தெருக் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் வாளி பிடித்து மேலே தூக்கினேன். தொட்டிகளில் சேர்ந்திருந்த உப்பைக் கழுவி விட வேண்டும் என்று படித்திருந்தேன். ஒரு தொட்டி கொள்ளும் அளவைப் போல இரண்டு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை, அவசரமில்லாமல், அடித்துளை வழியாக வடிய வடிய ஊற்ற வேண்டும். அவசரமில்லாமல் என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. குவளையால் ஊற்றிவிட்டு, அது இறங்கும்வரை நின்று, மறுபடி ஊற்றுவேன். முதலில் வந்தது டிகாக்ஷன் நிறத்தில் நுரைத்துக்கொண்டு வந்தது. அதில் மீட்டரை விட்டுப் பார்த்தேன், டிரம் தண்ணீரைவிட அதிகம். கை வலித்தது. பல நாட்களுக்குப் பிறகு உடம்பு அசந்து மத்தியானம் தூங்கினேன்.

இரண்டாவது முறை கழுவும்போது மாட்டிக்கொண்டேன். மொட்டை மாடித் தண்ணீர் வடியும் துவாரத்துக்கு நேர் கீழே மச்சான் தன் பைக்கை நிறுத்தியிருந்தான். அன்றைக்குத்தான் துடைத்து வைத்திருக்கிறான். தடதடவென்று படியேறி வந்தான்.

"இன்னா மாமா பண்றீங்க? வண்டி மேல ஃபுல்லா சேத்துத் தண்ணி ஊத்திகினு கீது!"

"பாக்கல மச்சான். செடிக்கு ஊத்தினேன்."

அவன் வாளிகளைப் பார்த்தான். டிரம்மைத் திறந்து பார்த்தான். "இங்க டிரம்மு ரொம்பிக் கீது. எதுக்குக் கீழேர்ந்து தூக்கினு வர்றீங்க?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். எனக்குப் பொய் சரியாக வராது. "அந்தத் தண்ணில உப்பு அதிகம் மச்சான். செடிக்கு ஒத்துக்கல" என்று சொல்லி மீட்டரைக் காட்டினேன்.

அவன் மீட்டரைப் பார்க்கவில்லை. "அப்ப நான்தான் செடிய சாவடிச்சேன்றீங்க."

"அப்பிடிச் சொல்லல."

"வேற எப்பிடி? ஒரு வருசமா இந்தத் தண்ணிதான ஊத்துறாங்க அக்கா? நல்லாத்தான இருந்துச்சு? நீங்க ஊட்டுல குந்திக்கினு கண்டதையும் அள்ளிக் கொட்டினதுக்கு அப்பாலதான்…"

அங்கே நிறுத்திவிட்டான். கையில் குவளை இருந்தது, அதில் பாதித் தண்ணீர் இருந்தது. அதை எலுமிச்சைக்கு ஊற்றினேன். அவன் இறங்கிப் போனான். இறங்கும்போது சத்தமே கேட்கவில்லை.

அதன் பிறகு சில நாட்கள் அவன் என்னைப் பார்த்து "சாப்டீங்களா" கேட்கவில்லை. காலையில் வண்டியை எடுக்கும்போது நான் ஜன்னலில் நின்றால் ஹெல்மெட்டைச் சீக்கிரம் மாட்டிக்கொள்வான். நானும் அவன் போன பிறகே இறங்குவேன். வேறு வீடு பார்க்கலாமா என்றுகூட நினைத்தேன். வேலை இல்லாதவனுக்கு யார் வீடு தருவார்கள் என்று உடனே அதே மனம் கேட்டது. படுத்தால் புரள்வேன், எழுந்தால் நடப்பேன். மனைவி கேட்டால் ஒன்றுமில்லை என்பேன். ஆனால் எனக்கும் தம்பிக்கும் நடந்ததை அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வழக்கமாக நாலு பேரும் சேர்ந்து போவோம். அன்று அவன் ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் நின்றுகொண்டான். பூசை முடிந்து வெளியே வந்தபோது மனைவி என்னைக் கெபியருகில் நிறுத்திவிட்டு அவனை நோக்கி நடந்தாள். அன்று அவளிடம் பூ இல்லை. தூரத்திலிருந்து பார்த்தேன். அவள்தான் பேசினாள். அவன் தலையைச் சொறிந்தான். மண்ணைக் காலால் தள்ளினான். ஒரு தரம் என் பக்கம் பார்த்தான்.

திரும்பி வந்தவளிடம், "சொல்லாதீங்கன்னு நீதான சொன்ன?" என்றேன்.

"ஆமா. இப்ப நானே சொல்லிட்டேன். செடியும் செத்துரும், இவரும் படுத்துருவாரு, ஒழுங்கா அந்தப் பைப்ப எடுறான்னு சொன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. மட்டன் வாங்கணும்னு போயிட்டான்."

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது மேலே பைப் அறுக்கும் சத்தம் கேட்டது. போனேன். மச்சான் குந்தி உட்கார்ந்து தான் போட்ட கிளாம்ப்புகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். நானும் உட்கார்ந்து பைப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

"இத்த நம்ம பாத்ரூம் கழுவுற தொட்டிக்கு வுட்டுடலாம் மாமா" என்றான். "வேஸ்ட் ஆவாது."

"ஆவாது."

"ஒரு நிமிசம்" என்று கீழே போனவன் ஒரு சின்ன பக்கெட்டில் தண்ணீரோடு வந்தான். "இதுல அந்தப் பேனாவ வுட்டுப் பாருங்க."

விட்டேன். எண் கொஞ்சமாக அசைந்து, மிகச் சின்ன எண்ணில் நின்றுவிட்டது. எங்கள் குடிதண்ணீரைவிடக் குறைவு.

"என்ன தண்ணி இது?"

"ஏசி தண்ணி! என் ரூமு ஏசிலேர்ந்து சொட்டுறது. காத்துல கீற ஈரந்தான மாமா, உப்பு எங்கேர்ந்து வரும்? இத்தினி வருசமா இத்தத் தெருவுல வுட்டுகினு கீறேன் பாருங்க." முகமெல்லாம் சிரிப்பு. அந்த மாலைக்குள் தன் ஏசி தண்ணீரும், எங்கள் ஏசி தண்ணீரும், பக்கத்து வீட்டு ஏசி தண்ணீரும் ஒரு கேனில் விழும்படி பைப் போட்டுவிட்டான். பக்கத்து வீட்டுக்காரர் என்ன ஏது என்று கேட்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. மன்னிப்பு என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ராத்திரி மட்டன் குழம்பு மேலே வந்தது.

தண்ணீர் சரியான பிறகுதான் சத்துக் குறைவை ஒழுங்காகப் பார்க்க முடிந்தது. முதலில் பார்க்க வேண்டியது எந்த இலை என்பதை. மிளகாயில் அடியிலிருந்த பழைய இலைகள் முழுசாக வெளிறியிருந்தன. அதற்குத் தழைச்சத்து போதவில்லை. செடி பழைய இலையிலிருந்து எடுத்துத் தளிருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. புண்ணாக்குக் கரைசலை நன்றாகத் தண்ணீர் கலந்து அதற்கு மட்டும் விட்டேன். செம்பருத்தியிலும் பழைய இலைகள்தான், ஆனால் நரம்புகளுக்கு நடுவில் மட்டும் மஞ்சள். மெக்னீசியம். அதற்கு எப்சம் உப்பு, ஒரு சிட்டிகை. எல்லாத் தொட்டிக்கும் அள்ளிப் போட்ட அதே பொட்டலம்தான். எலுமிச்சையில் பழைய இலை பச்சை, தளிர்தான் வெளிறல். அது இரும்பு. மண்ணில் இரும்பு இல்லாமலில்லை, அந்த உப்புத் தண்ணீர் மண்ணைக் காரமாக்கியதில் வேரால் அதை எடுக்க முடியவில்லை. இரும்புச் சத்துள்ள அன்னபேதி உப்பை எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டுக் கரைத்து, வெயில் இறங்கிய பிறகு இலைகளில் தெளித்தேன். தக்காளிக் காய்களின் அடி கறுத்துப்போனதற்கு முட்டை ஓடு எதுவும் செய்யவில்லை. ஒருநாள் காயவிட்டு ஒருநாள் வெள்ளமாக ஊற்றியதை நிறுத்தி, தினமும் ஒரே அளவாகத் தண்ணீர் விட்டதும் அடுத்து வந்த காய்கள் தப்பித்தன. காய்ந்துபோன ரோஜாவைப் பிடுங்கி எறிந்தோம். மற்றவற்றின் காய்ந்த கிளைகளை வெட்டிக் கவாத்து செய்துவிட்டு அப்படியே விட்டோம்.

பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. வெளிறிய இலை திரும்பப் பச்சையாகும் என்று தினமும் போய்ப் பார்த்து ஏமாந்தேன். அது அப்படியேதான் இருந்தது. மனைவி சாவியை இப்போது ஆணியிலேயே விட்டுவிட்டுப் போனாள். நான் மேலே போவேன், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வருவேன், இறங்குவேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஏறுவேன். தெளித்ததையே இன்னொரு தரம் தெளித்தால் என்ன என்று கை பரபரக்கும். ஸ்பிரேயரைத் தூக்கி மச்சான் வீட்டில் கொடுத்துவிட்டேன்.

ஒருநாள் முற்பகலில் எலுமிச்சையின் உச்சியில் தளிர் வந்திருந்தது. வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். நரம்பும் இலையும் ஒரே பச்சை. பக்கத்துக் கிளையில் இன்னொன்று. நான் உடனே மனைவிக்குப் போன் செய்தேன். அலுவலக நேரத்தில் நான் கூப்பிடுவதே இல்லை. முதல் ரிங்கிலேயே எடுத்தாள்.

"சொல்லுங்க! வேலை வந்துருச்சா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "இல்லம்மா. எலுமிச்சை துளிர் விட்டிருக்கு. பச்சையா. அதான்…"

அந்தப் பக்கம் யாரோ சீல் குத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "போட்டோ எடுத்து அனுப்புங்க" என்றாள். "ரெண்டு மூணா எடுங்க. கிட்டக்கப் போயி."

வேலை அதற்கும் பல வாரங்கள் கழித்துத்தான் வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறை, ஸ்பிரிங் செய்கிறார்கள். சோதனையும் நானே, பேக்கிங்கும் நானே. ஒப்பந்த வேலைதான், எப்போது வேண்டுமானாலும் போகச் சொல்லலாம். அதனால் நிம்மதியாகிவிட்டேன் என்று சொல்ல முடியாது. பஸ்ஸில் உட்கார்ந்தால் இப்போதும் ஒரு காலை ஆட்டிக்கொண்டேதான் இருக்கிறேன். ஆனால் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் மொட்டை மாடியில் ஒரு சுற்று வந்துவிடுகிறேன். ஒரு ரோஜா பிழைக்கவில்லை. மீதி இரண்டும் பூத்தன. அவை பூத்த வாரச் சனிக்கிழமை மனைவி எண்ணிக்கை குறைவான பூவை அதிக மல்லி சேர்த்துக் கட்டினாள்.

மச்சான் ஏசி சர்வீசுக்குப் போகும் வீடுகளிலெல்லாம் பால்கனியை நோட்டம் விடுகிறான் போல. நேற்று பட்டறைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தபோது அவனிடமிருந்து ஒரு போட்டோவும் குரல் செய்தியும் வந்தன. "மாமா, ஆவடில ஒரு கஸ்டமர் ஊடு. இந்த மணி பிளான்ட்டு மஞ்சளாயிடுச்சாம். எங்க மாமாகிட்ட கேட்டுச் சொல்றேன்னு சொல்லிட்டேன். அந்தம்மா எதுத்தாப்புல நின்னுகினு கீறாங்க. சீக்கிரம் சொல்லுங்க, இன்னா போடணும்?"

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பஸ் குலுங்கியதில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. போனை வாயருகில் வைத்து, பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகச் சொன்னேன். "எதுவும் போட வேணாம்னு சொல்லு மச்சான். முதல்ல என்ன தண்ணி ஊத்துறாங்கன்னு கேளு. அப்பறம் மஞ்சளானது அடி இலையா, நுனி இலையான்னு பாத்துட்டுச் சொல்லு."